ஆணி அடிக்கக் கூடாது

சென்னையில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் சொல்லும் நிபந்தனைகளில் என்னை எப்போதும் உறுத்துவது அட்வான்ஸ் தொகையுமல்ல, தண்ணீர் விடுகிற நேரமுமல்ல. 'சுவரில் ஆணி அடிக்கக் கூடாது' என்கிற ஒன்றுதான். மாதாமாதம் பணம் கொடுத்துக் குடியிருக்கிறவன் தன் தகப்பனாரின் படத்தை எங்கே மாட்டுவது என்று தீர்மானிக்க முடியாது. முன்னால் இருந்தவன் அடித்துவிட்டுப் போன ஆணி எங்கே இருக்கிறதோ அங்கேதான் தகப்பனார் தொங்க வேண்டும். அது சமையலறையாக இருந்தாலும் சரி. இதே நிபந்தனையைத்தான் இன்று எழுத்து வேலை, கணக்கு வேலை செய்து பிழைக்கிற அத்தனை பேருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் போட்டிருக்கின்றன என்பது என் கட்சி. ஒரு வித்தியாசம் உண்டு. வீட்டுக்காரர் அதை நிபந்தனை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். கம்பெனிக்காரர்கள் அதை உங்கள் சௌகரியத்துக்காக என்கிறார்கள்.

விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வேர்ட், எக்ஸெல் போன்ற ஆபீஸ் மென்பொருள்களைத் திறந்தால் திரையின் மேல்பக்கம் பொத்தான்கள் வரிசை கட்டி நிற்கின்றனவே, டூல்பார் என்று சொல்கிறோமே, கருவிப்பட்டை என்று தமிழிலும் சொல்கிறார்களே, அந்த வரிசையைப் பற்றித்தான் பேச வருகிறேன். எந்தப் பொத்தான் இருக்க வேண்டும், எது முதலில் வர வேண்டும், எது கண்ணிலேயே படக் கூடாது என்பதை யார் தீர்மானிப்பது? வேலை செய்கிறவனா, கருவியை விற்றவனா?

'இது ஒரு விஷயமா? இதற்கு ஒரு கட்டுரையா?' என்று சிலர் கேட்பார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் தாமே டைப் அடிக்காதவர்களாக இருப்பார்கள் என்பது என் அநுமானம். ஒரு குமாஸ்தாவோ, ஸ்டெனோவோ, கணக்கரோ தன் மனைவி மக்கள் முகத்தைப் பார்க்கிற நேரத்தைவிட அதிகமாக இந்தப் பொத்தான் வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். தினம் எட்டு மணி நேரம், வருஷக்கணக்காக. அவருடைய பட்டறை அதுதான்.

பட்டறை என்றதும் சொல்லத் தோன்றுகிறது. நம் வீட்டுச் சமையலறையில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. கடுகு எந்த அறையில், மிளகு எந்த அறையில் என்று சட்டம் இயற்றி வைத்தவர் யாருமில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சட்டம் இருக்கிறது. எண்ணெய் காய்ந்து புகைகிற அந்த ஒரு கணத்தில் கை தானாகப் போய் கடுகை எடுக்கிறது; கண் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. புதிதாக வந்த மருமகள் இடம் மாற்றி வைத்துவிட்டால் மாமியாருக்கு வருகிற கோபத்தை நாம் அற்பக் கோபம் என்று கேலி செய்து கதை எழுதியிருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த அம்மாளின் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு. முப்பது வருஷத்துக் கைப்பழக்கத்தை ஒரு காலை வேளையில் யாரோ அழித்துவிட்டார்கள். அச்சாபீஸில் எழுத்துக் கோத்த கம்பாஸிட்டர்களும் அப்படித்தான். அடிக்கடி வேண்டிய எழுத்து கைக்குப் பக்கத்து அறையில், அபூர்வமானது எட்டத்தில். தச்சனின் உளி வரிசையும், தையற்காரனின் கத்தரியும் நூற்கண்டும் வைக்கிற இடமும் அவரவர் கையின் நீளத்தை அனுசரித்தவை. தொழிலாளி தன் கருவிகளைத் தானே அடுக்கிக்கொள்வது என்பது உலகத்தில் எந்த முதலாளியும் அதுவரை கேள்வி கேட்காத ஒரு சின்ன சுதந்திரம்.

கம்ப்யூட்டரிலும் ஆரம்பத்தில் அந்தச் சுதந்திரம் இருந்தது. விண்டோஸுக்கான வேர்டின் முதல் பதிப்பு 1989-ல் வந்தபோது அதில் ஏறக்குறைய நூறு கட்டளைகள் இருந்தன. அடுத்து 1991-ல் வந்த இரண்டாம் பதிப்பில் டூல்பார்கள் இரண்டே இரண்டு. 2003-ல் வந்த பதிப்பிலோ கட்டளைகள் 1500-க்கு மேல், டூல்பார்கள் முப்பத்தொன்று! இந்தக் கணக்கு என் கற்பனை அல்ல. மைக்ரோஸாஃப்டில் இந்த முகப்பு அமைப்புக்குப் பொறுப்பாக இருந்தவர்களில் ஒருவரான ஜென்சன் ஹாரிஸ் பகிரங்கமாக எழுதியது. பலகாரக் கடைபோல எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் கடையில் நமக்கு வேண்டியதை நாம் எடுத்து நம் தட்டில் வைத்துக்கொள்ள முடிந்தது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வேண்டாத பொத்தானைப் பிடித்துக் கீழே இழுத்து விட்டால் அது மறைந்து போகும். மெனுவில் ஒரு சாளரத்தைத் திறந்து, வேண்டிய கட்டளையை இழுத்து வந்து வேண்டிய இடத்தில் நட்டுக்கொள்ளலாம். படம் புரியவில்லை என்றால் படத்தை எடுத்துவிட்டு எழுத்தில் பெயர் போட்டுக்கொள்ளலாம். இதெல்லாம் போதாதென்று, பொத்தானின் படத்தையே நாம் வரைந்துகொள்ளலாம். பதினாறுக்குப் பதினாறு என்று கட்டம் போட்ட ஒரு பலகை வரும். புள்ளிக் கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு கட்டமாக வர்ணம் நிரப்ப வேண்டியதுதான். ஒரு பெரிய வியாபார ஸ்தாபனம் இவ்வளவு தூரம் மனிதனை நம்பியிருக்கிறதே என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

அந்த நம்பிக்கை எப்போது குறைய ஆரம்பித்தது என்று பார்த்தால், ஆபீஸ் 2000 என்ற பதிப்பில் அதன் முதல் அறிகுறி தெரிகிறது. இவனாக அடுக்கிக்கொள்ள மாட்டான், நாமே இவனைக் கவனித்து அடுக்கித் தருவோம் என்று யந்திரம் முன்வந்தது. மெனுவைத் திறந்தால் நீங்கள் அடிக்கடி உபயோகிக்கிற கட்டளைகள் மட்டும் தெரியும், மற்றவை ஒளிந்துகொள்ளும், சற்றுக் காத்திருந்தாலோ அம்புக்குறியை அழுத்தினாலோ வெளியே வரும். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று மூன்றாவதாக இருந்த கட்டளை இன்று ஐந்தாவதாக இருந்தால் கை எதைக் கற்றுக்கொள்ளும்? நாம் தூங்குகிற நேரத்தில் வேலைக்காரன் எழுந்து, எஜமானரின் விருப்பம் இதுதான் என்று தானே ஊகித்து, அஞ்சறைப் பெட்டியைத் தினம் ஒரு தினுசாக மாற்றி வைக்கிற மாதிரி. நான் அடுக்குவது வேறு. எனக்காக அடுக்கப்படுவது வேறு. இந்தப் பேதம் அங்கே இருந்த மிகப் பெரிய மூளைகளுக்குப் பிடிபடவில்லை. பின்னால் அதைக் கைவிட்டார்கள். கைவிடும்போது தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

2007-ல் வந்தது ரிப்பன். டைப்ரைட்டர் காலத்து ஆசாமிகளுக்கு ரிப்பன் என்றால் விரலெல்லாம் கறுப்பாக்குகிற மைநாடா. இந்த ரிப்பன் வேறு. மெனுக்களையும் டூல்பார்களையும் ஒரேயடியாக எடுத்துவிட்டு, திரையின் மேலே ஓர் அகலமான பட்டையை விரித்து, அதில் தலைப்புத் தலைப்பாகப் பொத்தான்களைப் பதித்து வைத்தார்கள். பதித்து என்ற சொல்லைத் தெரிந்தேதான் உபயோகிக்கிறேன். அந்தப் பதிப்பில் சாதாரண மனிதன் அந்தப் பட்டையில் ஒரு பொத்தானைக்கூட நகர்த்த முடியாது; எக்ஸ்.எம்.எல். என்ற குறிமொழியில் எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் அது சாத்தியம். மற்றவர்களுக்கு மூலையில் ஒரு குட்டிப் பட்டை கொடுத்தார்கள். அதில் வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். பெயர் கிடையாது, சின்னஞ்சிறு படங்கள் மட்டும். பங்களாவை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணையைக் கொடுத்த கதை.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர்கள் ஒரு கணக்குக் காட்டினார்கள். தகவல் அனுப்பச் சம்மதித்தவர்களின் கம்ப்யூட்டர்களிலிருந்து திரட்டிய கணக்கு. தங்கள் டூல்பாரை மாற்றி அமைத்துக்கொண்டு வேலை செய்தவை நூற்றில் இரண்டுக்கும் குறைவு என்றது அந்தக் கணக்கு. ஆகவே ஜனங்களுக்கு இது தேவையில்லை, தேவையில்லாததை எடுத்துவிட்டோம்.

இந்த வாதத்தை நான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். ஏனென்றால் இது டூல்பாரோடு நிற்கிற வாதம் அல்ல. நூலகத்தில் இந்தப் புஸ்தகத்தை வருஷத்துக்கு இரண்டு பேர்தான் எடுக்கிறார்கள், இந்த ஊருக்கு இரண்டு பேர்தான் பஸ்ஸில் போகிறார்கள் என்று எங்கும் கிளம்புகிற வாதம்.

அதே கணக்கில் இன்னொரு தகவலும் இருந்தது. வேர்ட் 2003-ல் ஜனங்கள் அதிகமாக உபயோகித்த கட்டளைகள் ஐந்து: ஒட்டு, சேமி, நகலெடு, செய்ததை மாற்று, தடித்த எழுத்து. இந்த ஐந்தும் சேர்ந்து மொத்த உபயோகத்தில் 32 சதவிகிதம்; ஒட்டு என்பது மட்டும் 11 சதவிகிதத்துக்கு மேல். சரி. எல்லாருக்கும் பொதுவானது அந்த மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மீதி மூன்றில் இரண்டு பங்கு எங்கே போயிற்று? மற்ற ஆயிரத்தைந்நூறு கட்டளைகளில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொருவரும் வேறு வேறு வேலை செய்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சியம் வேண்டும்? வக்கீல் ஆபீஸுக்குப் பத்தி எண்ணும் அடிக்குறிப்பும் வேண்டும். கணக்கருக்குச் சூத்திரத்தை விட்டுவிட்டு விடையை மட்டும் ஒட்டுகிற கட்டளை வேண்டும். நாவல் எழுதுகிறவனுக்கு வார்த்தை எண்ணிக்கையும், ஒரு பாத்திரத்தின் பெயரை நானூறு பக்கத்திலும் மாற்றுகிற கட்டளையும் வேண்டும். மெயில் மெர்ஜ் என்று ஒரு தலைப்பு என் கண் எதிரே எந்நேரமும் நிற்கிறது. ஒரே கடிதத்தை ஐந்நூறு பேருக்கு அனுப்புகிற ஏற்பாடு அது. நான் செய்கிற தொழிலே ஏறக்குறைய அதுதான் என்றாலும், அதை அந்தப் பொத்தான் வழியாகச் செய்வதில்லை. மனிதர்கள் ஒருவரோடொருவர் எங்கே வேறுபடுகிறார்கள் என்று காட்டுகிற ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் ஒரே பட்டை போதும் என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது, அந்த இரண்டு பேர். மற்ற தொண்ணூற்றெட்டு பேரும் மாற்ற விரும்பவில்லை என்று யார் சொன்னது? மாற்ற முடியும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. எந்தப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்? எழுத்தைத் தடித்ததாக்குவது எப்படி, அட்டவணை போடுவது எப்படி என்று மூன்று மாதம் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் கொடுக்கிற இடங்களில், இந்தப் பலகை உன்னுடையது, உன் வேலைக்கு ஏற்றபடி அடுக்கிக்கொள் என்று முதல் நாள் சொல்கிற வழக்கம் உண்டா? தெரிந்து மாற்றியவர்களுக்கும் நடந்தது என்ன? பழைய வேர்ட் தன் அமைப்பையெல்லாம் நார்மல் என்று பெயரிட்ட ஒரு மாதிரிக் கோப்பில் எழுதி வைத்திருந்தது. அந்தக் கோப்பு கெட்டுப் போகும். வேர்ட் தகராறு செய்கிறதென்று ரிப்பேர்காரரைக் கூப்பிட்டால், அவருடைய முதல் வைத்தியம் அந்தக் கோப்பை அழித்துவிடுவதுதான். தகராறு தீர்ந்துவிடும், ஆறு மாதமாக அடுக்கி வைத்ததும் தீர்ந்துவிடும். இரண்டு தடவை இப்படிப் போனால் மூன்றாம் தடவை எவன் அடுக்குவான்? நட்ட செடியையெல்லாம் ஆடு மேய விட்டுவிட்டு, இந்தத் தெருவில் தோட்டம் போடுகிறவர்களே இல்லை என்று கணக்கெடுத்த மாதிரி இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் ஒரு வக்கீல் ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் டைப் அடித்தவர். டைப்ரைட்டரில் ஹையர் பாஸ் செய்து, பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தவர். ஒரு கண்ணில் புரை அறுத்தாயிற்று. மற்றக் கண்ணை ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய திரையில் பதினொரே பொத்தான்கள்தான் இருக்கும். எல்லாம் பெரியவை. படம் ஒன்றும் கிடையாது, பெயர் மட்டும். பத்தி எண், அடிக்குறிப்பு, லீகல் தாள், இரட்டை இடைவெளி என்று ஒரு பிராமணப் பத்திரம் தயாராகிற ஒழுங்கிலேயே இடமிருந்து வலமாக அடுக்கியிருப்பார். வேலை முடிய முடியக் கை வலது பக்கம் போய்க்கொண்டே இருக்கும். கடைசிப் பொத்தான் அச்சிடு. அந்த வரிசையைப் பார்த்தபோது இது ஒரு நல்ல அத்தியாயத்தின் அமைப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒரு நாள் ஆபீஸில் எல்லா மெஷின்களையும் துடைத்து மறுபடி ஏற்றினார்கள். அவருடையதையும்தான். ஏனப்பா என்று கேட்டதற்கு, வந்த பையன், "எல்லா மெஷினும் ஒரே மாதிரி இருக்கணும்னு சாரோட ஆர்டர்ம்மா" என்றான்.

"ஒரே மாதிரி இருக்கணும்னா எல்லாருக்கும் ஒரே கண்ணுன்னா இருக்கணும், தம்பி" என்றாராம் அந்த அம்மாள்.

பையன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். நல்ல பையன்தான், அவனுக்கு இட்ட வேலை அது. அந்த அம்மாள் அடுத்த ஒரு மாதம் தினமும் அரைமணி நேரம் முன்னதாகவே ஆபீஸுக்கு வந்தார். வேகம் குறைந்துவிட்டது, வயசாகிவிட்டது என்று அந்த ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். இந்த வாசகத்தை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. கருவியை மாற்றியவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். கைக்கு வயசாகிவிட்டது என்று பழி வந்தது.

பெரிய பொத்தான் என்று சொன்னேன் அல்லவா? 2003 வரை ஆபீஸ் மென்பொருளில் 'பெரிய படங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு டிக் போட்டால் பொத்தான்கள் பெரிதாகிவிடும். ரிப்பனோடு அந்தக் கட்டம் போய்விட்டது. எது பெரியதாக இருக்க வேண்டும், எது சிறியதாக இருக்க வேண்டும் என்பதையும் வடிவமைத்தவர்களே நிர்ணயித்துவிட்டார்கள். கண் மங்கியவர்கள், விரல் நடுங்குகிறவர்கள், ஒரே கையால் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அந்த நூற்றில் இரண்டு பேருக்குள்ளேதான் இருந்தார்கள் என்பதை எந்தக் கணக்கும் சொல்லவில்லை. நான் இதை ரசனை சம்பந்தப்பட்ட விஷயமாகப் பேசவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

ரிப்பனில் நல்லதே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். புதிதாக வருகிறவர்களுக்கு அது நல்ல வழிகாட்டி. முப்பத்தொரு டூல்பார்களுக்குள் புகுந்து தேடுவதைவிட, தலைப்புப் பார்த்துத் தேடுவது எளிது. அட்டவணைக்குள் போனால் அட்டவணைச் சாமான்கள் தாமே வந்து நிற்கின்றன. அது புத்திசாலித்தனமான ஏற்பாடு. வரைந்தவர்கள் முட்டாள்கள் அல்லர், உழைத்தவர்கள். என் சண்டை பட்டையோடு அல்ல, அதைப் பூட்டியதோடு. 2010-ல் பூட்டைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். சொந்தமாகத் தலைப்பு வைத்துக்கொள்ளலாம், தலைப்புகளை முன்பின்னாக மாற்றலாம், வேண்டாததை மறைக்கலாம் என்றார்கள். அப்போதும் அவர்கள் வைத்த குழுவுக்குள்ளிருந்து ஒரு தனிப் பொத்தானை எடுக்க விடவில்லை. குழுவோடு ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் குழுவோடு விட்டுவிடு. முன்பு தேவையில்லை என்று எடுத்ததை மூன்றே வருஷத்தில் பாதியாவது ஏன் திருப்பிக் கொடுத்தார்கள்? நூற்றில் இரண்டு என்பது நாம் நினைத்த இரண்டு அல்ல என்று அவர்களுக்கே பட்டிருக்க வேண்டும்.

இதைவிட ருசிகரமான சாட்சியம் ஒன்று இருக்கிறது. எக்ஸெலில் பழகியவர்கள் ஆல்ட் விசையை அழுத்தி, பிறகு ஈ, எஸ், வி என்று வரிசையாகத் தட்டுவார்கள். பழைய மெனுவில் 'எடிட்' என்பதைத் திறந்து, 'பேஸ்ட் ஸ்பெஷல்' என்பதற்குப் போய், 'வேல்யூஸ்' என்பதைத் தேர்ந்தெடுப்பதற்கான சுருக்கு வழி அது. 2007-ல் அந்த மெனுவே இல்லாமல் போயிற்று. ஆனால் ஈ, எஸ், வி மட்டும் வேலை செய்தது! இல்லாத வீட்டின் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து குரல் வருகிற மாதிரி. கணக்கர்களின் விரல்களைத் தொட்டால் உலகத்து வியாபாரமே முணுமுணுக்கும் என்று தெரிந்து, அதை மட்டும் சத்தமில்லாமல் காப்பாற்றி வைத்தார்கள். ஆகக் கைப்பழக்கம் என்று ஒன்று உண்டு, அதற்கு மரியாதை செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாதது அல்ல. யாருடைய கைக்கு மரியாதை என்பதில்தான் பேதம்.

எழுத்தாளர்கள் இதில் பிடிவாதக்காரர்கள். அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், டாஸில் ஓடுகிற ஒரு பழைய கம்ப்யூட்டரில் வேர்ட்ஸ்டார் 4.0-ஐ வைத்துத்தான் எழுதுவதாக 2014-ல் ஒரு டெலிவிஷன் பேட்டியில் சொன்னபோது ஜனங்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேர்ட்ஸ்டார் 1978-ல் பிறந்தது. கண்ட்ரோல் விசையும் எழுத்துகளுமாகவே அத்தனையும் நடக்கும். கை எழுத்து வரிசையை விட்டு நகர வேண்டியதில்லை. தன் வாசகர்கள் அடுத்த புஸ்தகம் எங்கே எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்க, அவர் தன் பட்டறையை மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். புஸ்தகம் தாமதமாவதற்கும் வேர்ட்ஸ்டாருக்கும் சம்பந்தமில்லை என்று நம்புகிறேன்.

நம் ஊரிலேயே இதை நியாயமாகச் செய்த உதாரணம் உண்டு. 1999-ல் தமிழ்நாடு அரசு தமிழ் 99 என்ற விசைப்பலகையைத் தரப்படுத்தியது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையில் என்று யோசித்துச் செய்த நல்ல அமைப்பு. புதிதாகக் கற்கிறவர்களுக்கு அதையே நான் சிபாரிசு செய்வேன். ஆனால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழகிய கைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவர்களுக்குப் பழைய டைப்ரைட்டர் அமைப்பையும் தமிழ் மென்பொருள்கள் கொடுத்தன. இரண்டில் எது வேண்டுமோ அதை வைத்துக்கொள் என்றன. அச்சகங்களில் தட்டச்சு செய்பவர்கள் பலர் பழையதிலேயே இருந்தார்கள். பிள்ளைகள் புதியதைக் கற்றார்கள். வானம் இடிந்து விழவில்லை.

எதிர்க்கட்சி வாதங்களையும் சொல்லிவிட வேண்டும். ஆளுக்கொரு தினுசாக அடுக்கிக்கொண்டால் ஒருவர் கம்ப்யூட்டரில் இன்னொருவர் எப்படி வேலை செய்வது, டெலிபோனில் எப்படி வழி சொல்வது என்கிறார்கள். ஆளுக்கொரு பெயரில் நுழைந்தால் அவரவர் அடுக்கு அவரவருக்கு வருகிறது. பழையபடி ஆக்கு என்று ஒரு பொத்தானும் இருக்கிறது. தெரியாமல் இழுத்துத் தொலைத்துவிடுகிறார்களே என்றால், பூட்டும் சாவியும் கொடுங்கள். சாவி குடியிருக்கிறவனிடம் இருக்கட்டும். வேலையை விட்டுவிட்டு நாள் முழுக்க டூல்பாரையே அலங்கரித்துக்கொண்டிருக்கிறவர்கள் உண்டே என்று கேட்டால், உண்டு. பென்ஸில் சீவியே காலை வேளையைக் கழித்த எழுத்தாளர்களும் இருந்தார்கள். அதற்காக யாரும் பென்ஸிலுக்கு முனை வைப்பதைத் தடை செய்யவில்லை.

வேறு வழியே இல்லை என்பவர்களுக்கு லிப்ரெ ஆபீஸ் என்ற இலவச மென்பொருளைக் காட்டுவேன். 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது. மெனு, டூல்பார், விசைகள் எல்லாவற்றையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். ரிப்பன் மாதிரியான ஒரு பட்டையை இவர்களும் 2017-ல் சோதனையாகக் கொண்டுவந்து, 2019-ல் எல்லாருக்கும் கொடுத்தார்கள். ஆனால் பழைய டூல்பாரை எடுத்துவிடவில்லை. இதுவா, அதுவா என்று உங்களைக் கேட்கிறது. அழகில் கொஞ்சம் மட்டுத்தான். சில இடங்களில் கரடுமுரடு. அதுவும் நூற்றுக்கணக்கான கட்டளைகளைச் சுமந்துகொண்டிருக்கிற பெரிய மென்பொருள்தான். அதனால் முடிகிறது என்றால், மற்றவர்களால் முடியாது என்பதை நான் எப்படி நம்புவது?

முடியாததல்ல, லாபமில்லாதது என்பதே சரி. 2007-ல் ரிப்பன் பிடிக்காதவர்கள் 2003-ஐ வைத்துக்கொண்டு காலம் தள்ள முடிந்தது. 2014 ஏப்ரலில்தான் அதற்கான ஆதரவை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியது, டப்பாவில் வந்தது, நம் வீட்டில் இருந்தது. இன்று பெரும்பாலோர் சந்தா கட்டி உபயோகிக்கிறார்கள். இது அசல் வாடகைதான். வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து ஜன்னலை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போகலாம். 2023-க்குப் பிறகு கோபைலட் என்று ஒரு பொத்தான், உங்களுக்குப் பதிலாக நானே எழுதட்டுமா என்று கேட்டுக்கொண்டு, வேர்டின் முதல் தலைப்பிலேயே வந்து உட்கார்ந்ததை எல்லாரும் பார்த்தார்கள். அதை அங்கே வைக்கச் சொல்லி எந்த டைப்பிஸ்டும் மனுக் கொடுக்கவில்லை. பலகையில் நல்ல இடம் யாருடையது என்ற கேள்விக்கு அது நேரான பதில். கடைத்தெருவில் முகப்புக் கடைக்கு வாடகை அதிகம். உங்கள் கண் எதிரே இருக்கிற இரண்டு அங்குலமும் அப்படிப்பட்ட முகப்பு. அதை உங்களிடம் கொடுத்துவிட்டால் அவர்கள் சரக்கை எங்கே பரப்புவது? நூற்றில் இரண்டு என்ற கணக்கு யாருக்கு உதவிற்று என்று இப்போது பாருங்கள்.

ஆனால் கதவு முழுக்க மூடிவிடவில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் வேர்டைத் திறந்து, அந்தப் பட்டையின் மீது எலியின் வலப் பொத்தானை அழுத்துங்கள். பட்டையை மாற்றி அமைப்பதற்கான வரி ஒன்று வரும். உங்கள் பெயரிலேயே ஒரு புதிய தலைப்பு உண்டாக்கி, தினம் கை போகிற பத்துப் பன்னிரண்டு கட்டளைகளை, வேலை நடக்கிற ஒழுங்கில் அதில் வையுங்கள். அதை முதல் தலைப்பாக மேலே ஏற்றுங்கள். அதே சாளரத்தின் அடியில், அமைப்பை ஒரு கோப்பாக வெளியே எடுக்கிற வசதியும் இருக்கிறது. எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை மெஷினைத் துடைக்கப் பையன் வரும்போது, அவன் வேலையை அவன் செய்யட்டும். அவன் போன பிறகு அந்தக் கோப்பை மறுபடி உள்ளே ஏற்ற இரண்டு நிமிஷம் போதும். அந்த வக்கீல் ஆபீஸ் அம்மாளின் பதினொரு பொத்தான்களும் இப்போது அப்படி ஒரு கோப்பில் இருக்கின்றன. வேறு ஆபீஸுக்குப் போனால் சாப்பாட்டு டப்பாவோடு அதையும் எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.